'நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்' என்று கேட்ட தகப்பனுக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் கேட்டிருப்பது இது: 'எனக்கு 38 வயது. என்னையும் அடித்துத்தான் வளர்த்தார்கள், நான் கெட்டுப்போகவில்லை. மகனுக்கு ஒன்பது வயது, அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. படித்ததாக ஏமாற்றுகிறான், பொய் சொல்கிறான். அதனால் பெல்ட்டால் அடித்திருக்கிறேன், தழும்பும் விழுந்தது. அடித்தால் பிள்ளைக்கு மனப் பாதிப்பு வரும் என்பது உண்மையா, அல்லது வெள்ளைக்காரன் சொல்கிற கதையா?' கேள்வி முடிந்த பிறகு, எதோடும் ஒட்டாமல், இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: 'இரண்டு மாதமாகத் திரும்பவும் படுக்கையில் சிறுநீர் போகிறான். நான் வீட்டுக்கு வந்தால் தாயின் அறைக்குள் போய்விடுகிறான்.' நீங்கள் கேட்க வந்தது இந்த வரியைத்தான் என்று நினைக்கிறேன். 'என் கையால் என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா, இனி அதைச் சரிப்படுத்தலாமா?' இரண்டுக்கும் பதில் எழுதப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் வைத்தியர் இல்லை. பதினொரு வருடம் ஆசிரியராக இருந்தேன். பிறகு உளவளத்துணை படித்து, இருபது வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் வேலை செய்கிறேன். ஆசிரியராக இருந்தபோது என் மேசையிலும் பிரம்பு இருந்தது, அதைப் பாவித்தும் இருக்கிறேன். நான் அடித்த பிள்ளைகளில் ஒருத்தி இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். போன வருடம் திருநெல்வேலிச் சந்தையில் கண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகக் கதைத்தாள். எனக்குத்தான் அவளுடைய முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. ஆகவே மேலே நின்று உங்களுக்குப் புத்தி சொல்கிற ஆளாக இதை எழுதவில்லை. மூளையைப் பற்றியும் ஆய்வுகளைப் பற்றியும் கீழே சொல்வது நான் வாசித்தும், வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்தது. பிள்ளைகளைப் பற்றிச் சொல்வது கண்ணால் கண்டது. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

'நாங்கள் நல்லாத்தானே இருக்கிறம்' என்று ஊரில் கேட்காத நாள் இல்லை. கலியாண வீட்டில் நாலு பேர் கூடினால் அடி வாங்கிய கதை வந்துவிடும். 'நீயே போய்ப் பூவரசங்கம்பு முறிச்சுக்கொண்டு வா' என்று அனுப்பியது. மெல்லிய கம்பு சுள்ளென்று பிடிக்கும், மொத்தக் கம்பு கண்டிப்போகும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு வேலியடியில் நின்றது. பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும்போது அப்பா 'கண்ணை விட்டிட்டு மிச்சத்தை உரியுங்கோ சேர்' என்று சொன்னது. எல்லோரும் சிரிப்பார்கள். நான் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: 'சரி, அண்டைக்கு என்ன பிழை செய்தனீங்கள்?' ஐம்பது வயதான ஒருவர், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், வெகுநேரம் யோசித்தார். அடி விழுந்த இடம் கிணற்றடி. தான் போட்டிருந்தது நீலக் காற்சட்டை. அம்மம்மா குசினி வாசலில் நின்று 'காணும், விடு' என்று கத்தினா. இவ்வளவும் அவருக்கு ஞாபகம் இருந்தது. செய்த பிழை ஞாபகம் வரவில்லை. நாற்பது வருடமாக அந்த மனிதர் சுமந்துகொண்டு திரிவது அடியை. அது கற்றுக்கொடுக்க வந்த பாடம் அன்றைக்கே கிணற்றடியில் விழுந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. நன்றாக வந்தவர்கள்தான் கலியாண வீட்டில் நின்று கதை சொல்கிறார்கள். பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போனவர், குடியில் விழுந்தவர், தகப்பனின் செத்த வீட்டுக்கும் வராதவர், இவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். நீங்கள் கெட்டுப்போகாததற்கு அம்மாவின் மடியோ, ஒரு நல்ல ரீச்சரோ, கூட விளையாடிய பெடியளோ காரணமாக இருந்திருக்கலாம். அதையெல்லாம் நாங்கள் அடியின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம்.

உங்கள் மகன் அறைக்குள் போவதைப் பற்றி வாசித்தபோது எனக்கு ஒரு பையனின் நினைவு வந்தது. அவனுக்கும் ஒன்பது வயதுதான். நாங்கள் சந்திக்கிற அறை வீதிப் பக்கம். படம் கீறிக்கொண்டிருப்பான், வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் வரும், பென்சில் நின்றுவிடும். சத்தம் கடந்து போகும்வரை தலையைச் சற்றுச் சரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான். போனதும் திரும்பக் கீறுவான். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், ஒரு மணித்தியாலத்தில் பதினேழு தரம். பிறகொரு நாள் மெதுவாகக் கேட்டேன். அப்பாவின் சைக்கிள் ஒழுங்கை முகப்பில் திரும்பும்போதே தனக்குத் தெரியும் என்றான். அப்பா ஸ்ராண்டைக் காலால் தட்டுகிற விதத்தில் இன்றைக்கு அடி விழுமா விழாதா என்றும் தெரியுமாம். இதை ஒரு கெட்டித்தனமாக, பெருமையோடு சொன்னான். அவனைக் கூட்டிக்கொண்டு வந்த காரணம், 'படிப்பில கவனம் இல்லை' என்பது. அந்தப் பிள்ளையிடம் கவனத்துக்கு ஒரு குறையும் இல்லை. முழுவதும் வீதியில் நின்றது.

இதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. ஆபத்து என்று கண்டால் மூளைக்குள் அமிக்டலா என்ற சிறு பகுதி உடனே மணியடிக்கும். நெஞ்சு படபடக்கும், தசை இறுகும், அட்ரினலின், கோட்டிசோல் என்ற ஹோர்மோன்கள் இரத்தத்தில் ஏறும். நாய் துரத்தினால் ஓடித் தப்ப இது வேண்டும். யோசிப்பது, பொறுப்பது, சொன்னதை மனதில் வைத்திருப்பது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதியின் வேலை. அது முழுதாக முதிர இருபது வயதும் தாண்டும். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பகுதியால் ஒழுங்காக வேலை செய்ய முடியாது. பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டைக் கேட்டால், நேற்று இரவு சரியாகச் சொன்ன பிள்ளையும் திக்குவது இதனால்தான். நாங்கள் அதைத் திமிர் என்று எடுத்து இன்னும் ஒன்று போடுகிறோம். நாய் துரத்துவது எப்போதாவது நடப்பது. தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு நடந்தால், உடம்பு மணியை நிறுத்தாமலே வைத்திருக்கப் பழகிவிடும். நித்திரை குழம்புவது, வயிற்று நோ, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது எல்லாம் அதனோடு வருகின்றன.

பொய் சொல்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். மேற்கு ஆபிரிக்க நாடு ஒன்றில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள். ஒரு பள்ளியில் தடியால் அடிப்பது, அறைவது, நுள்ளுவது வழமை. மற்றப் பள்ளியில் அடி இல்லை. பிள்ளைக்குப் பின்னால் ஒரு விளையாட்டுப் பொருளை வைத்து, 'திரும்பிப் பார்க்காதே' என்று சொல்லிவிட்டு ஆள் வெளியே போய்விடுவார். இரண்டு பள்ளியிலும் அனேகமான பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. 'பார்த்தாயா?' என்று கேட்டபோது, அடிக்கிற பள்ளியில் பார்த்த பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் பொய் சொன்னார்கள். அடியில்லாத பள்ளியில் பாதிக்குச் சற்று மேல். அடிக்கிற பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பொய்யைக் கெட்டித்தனமாகக் காப்பாற்றவும் தெரிந்து வைத்திருந்தார்கள். நான் இங்கே காண்பதும் இதைத்தான். உண்மையைச் சொன்னாலும் அடி, பொய் பிடிபட்டாலும் அடி என்றால், பொய்யில் தப்புகிற வாய்ப்பாவது உண்டு. பிள்ளை அந்தக் கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது.

சரி, ஆய்வுகள் மொத்தமாக என்ன சொல்கின்றன? இதில் நிச்சயமானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஆட்கள் கூட்டிச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் எலிசபெத் கெர்ஷோஃப் என்ற ஆய்வாளர் இதில் பல வருடம் வேலை செய்தவர். அவரும் இன்னொருவரும் 2016இல் 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். கையால் அடிக்கிற சாதாரண அடியைத்தான் எடுத்தார்கள், கொடுமையான அடியை அல்ல. பார்த்த 17 விடயங்களில் 13இல், அடி வாங்கிய பிள்ளைகளின் நிலை மோசமாக இருந்தது: முரட்டுத்தனம், களவு பொய் போன்ற நடத்தை, மனச்சோர்வு, பதற்றம், பெற்றோரோடு உள்ள உறவு. அடியால் பிள்ளையின் நடத்தை நாளடைவில் நல்லதாகிறது என்பதற்கு ஒரு இடத்திலும் ஆதாரம் கிடைக்கவில்லை. அடித்தவுடன் பிள்ளை செய்ததை நிறுத்தும், அது உண்மை; 2002இல் அவரே அதை எழுதியிருக்கிறார். பெற்றோரை ஏமாற்றுவது அந்த உடனடிப் பலன்தான். இப்போது நின்றுவிட்டது என்பதால் திருந்திவிட்டான் என்று நினைக்கிறோம், அடுத்த கிழமை அதையே செய்கிறான், அடியின் அளவு கூடுகிறது. குட்டில் தொடங்கியது அகப்பைக் காம்புக்குப் போய், பிறகு வயருக்கும் பெல்ட்டுக்கும் போகிற கதையை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். பெல்ட்டில் தொடங்கியவர்களை மிக அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இனிச் சந்தேகமான பக்கம். குழப்படி கூடிய பிள்ளைக்குத்தானே அடியும் கூட விழுகிறது, அப்படியென்றால் எது காரணம், எது விளைவு? இது நியாயமான கேள்வி. இதை வைத்தே, எப்போதாவது விழுகிற மெல்லிய அடியால் கெடுதல் வருகிறது என்று சொல்ல முடியாது என வாதிடுகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். மெல்லிய அடியின் தாக்கம் சிறியது என்பது உண்மை. அதைப் பற்றி நான் சத்தம் போட்டுப் பேசப் போவதில்லை; பலன் இல்லாத ஒன்றை ஏன் செய்வான் என்று மட்டும் கேட்பேன். ஆனால் கடுமையான அடியில் இந்தச் சந்தேகம் இல்லை. இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இரட்டைப் பிள்ளைகளை வைத்து 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் பிரித்துப் பார்த்தது. சாதாரண அடி விழுவதில் பிள்ளையின் சுபாவத்துக்கும் பங்கு இருந்தது. காயம் வரும்படியான அடியில் அப்படி இல்லை; அதற்குக் காரணம் பிள்ளையிடம் இல்லாமல் வீட்டிலும் அடிக்கிறவரிடமும் இருந்தது. உங்கள் பெல்ட் எந்தப் பக்கம் சேரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தழும்பு விழுந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மூளைப் படங்களைப் பற்றியும் இணையத்தில் பயமுறுத்துகிற மாதிரி எழுதுகிறார்கள். 2009இல் வந்த ஓர் ஆய்வில், பல வருடம் கடுமையான அடி வாங்கி வளர்ந்த இளைஞர்களின் நெற்றிப்பக்க மூளையில் சாம்பல் நிறப் பொருள், அதாவது நரம்புக் கலங்கள் நிறைந்த பகுதி, குறைவாக இருந்தது. 2021இல் 147 பிள்ளைகளைப் பார்த்த இன்னோர் ஆய்வில், சாதாரண அடி வாங்கியவர்களின் மூளையும் பயந்த முகத்தின் படத்தைக் கண்டதும் மற்றவர்களை விடக் கூடுதலாகக் கிளர்ந்தது. இரண்டும் பெறுமதியானவை. ஆனால் முதலாவதில் இரண்டு பக்கமும் இருபது சொச்சம் பேர்தான். ஒரு கூட்டத்தின் சராசரியை வைத்து, உங்கள் மகனின் மூளை சுருங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வளர்கிற மூளை, நல்ல பக்கத்துக்கும் மாறும்.

'வெள்ளைக்காரன் கதை' என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளில் தாய்மாரையும் பிள்ளைகளையும் கேட்டுச் செய்த ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. எல்லோரும் அடிக்கிற ஊரில், அடி வாங்குகிற பிள்ளைக்குப் பாதிப்புக் கொஞ்சம் குறைவு என்று கண்டார்கள். 'எனக்கு மட்டும் இல்லை' என்ற எண்ணம் தாங்குகிறது போலும். ஆனால் குறைவே தவிர இல்லாமல் போகவில்லை. அங்கேயும் அடி கூடக் கூட முரட்டுத்தனமும் பதற்றமும் கூடின.

இன்னும் கிட்ட வருவோம். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துச் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. நூற்றுக்கு 82 பிள்ளைகள் யுத்தத்தின் ஏதாவது ஒரு கொடுமையைக் கண்டிருந்தார்கள். வீட்டுக்குள் ஏதாவது ஒரு வகை வன்முறையைக் கண்டவர்கள் நூற்றுக்கு 95க்கும் மேல். ஷெல்லுக்குப் பயந்து பதுங்கிய பிள்ளைகளை விட, வீட்டுக்குள் பயந்த பிள்ளைகளின் தொகை கூட. தகப்பனின் குடியும், யுத்த அனுபவமும் கூடிய வீட்டில் அடியும் கூட இருந்தது. உங்கள் வயதை வைத்துப் பார்த்தால், 1995 ஒக்டோபர் 30 அன்று யுத்தத்தால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுக்க இடம்பெயர்ந்து கிழக்கே தென்மராட்சிக்குப் போனபோது உங்களுக்கு ஏழு, எட்டு வயது இருந்திருக்கும். அந்த மழைக்குள் சனத்தோடு சனமாக நடந்த பிள்ளைகளில் நீங்களும் ஒருவரா என்று தெரியாது. அப்படியென்றால் உங்கள் உடம்பிலும் அந்த மணி ஒருகாலத்தில் நிற்காமல் அடித்திருக்கும். சின்னச் சத்தத்துக்கும் சட்டென்று கோபம் ஏறுவது, பிறகு ஏன் இப்படிச் செய்தேன் என்று உடைந்துபோவது, இது பலருக்கு அங்கிருந்து வருகிறது. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. எங்கே வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வடக்கில் பின்னர் செய்த ஆய்வு ஒன்றில், பெற்றோரின் அன்பும் கவனிப்பும் கிடைத்த பிள்ளைகளை யுத்தமும் அவ்வளவாக உள்ளுக்குள் முடக்கவில்லை என்றும் கண்டிருக்கிறார்கள். நீங்கள் நினைப்பதை விட உங்கள் கையில் கூட இருக்கிறது.

சிறுநீர் விடயத்துக்கு வருகிறேன். ஒன்பது வயதில், நின்றிருந்த பழக்கம் திரும்ப வந்தால் பயமும் மன அழுத்தமும் பெரிய காரணங்கள். ஆனால் அதுதான் காரணம் என்று என்னால் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பிள்ளைகளுக்கு வருகிற நீரிழிவு எல்லாம் இப்படிக் காட்டும். அடிக்கடி தண்ணீர் விடாய்க்கிறதா, மெலிகிறானா என்று பாருங்கள். முதலில் ஒரு வைத்தியரிடம் காட்டிச் சிறுநீரைச் சோதித்துவிடுங்கள். அதற்காக அவனைத் திட்டவோ, பாயை எல்லோரும் பார்க்க வெயிலில் போட்டுக் கேலி செய்யவோ வேண்டாம். இதோடு வாசிக்கிற மற்றப் பெற்றோருக்கும் ஒன்று: கன்னத்தில் அறைந்தால் செவிப்பறை கிழியும். கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசிந்து உயிர் போகும். கடுமையாக அடித்த பிறகு பிள்ளைக்குச் சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகம் தாக்கப்படுகிறது என்று அர்த்தம். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இனி, சரிப்படுத்தலாமா? ஆம். முதலில் அடியை முழுக்க நிறுத்த வேண்டும். 'இனிக் கொஞ்சமாக அடிக்கிறேன்' என்பது வேலைக்கு ஆகாது, ஏனென்றால் எப்போது விழும் என்று தெரியாத அடிக்குத்தான் பிள்ளை கூடுதலாகக் காவல் நிற்கும். இரண்டாவது, மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்கள் தகப்பன்மாருக்கு இது பழக்கமில்லாத வேலை. மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று என்னிடம் வாதாடியவர்கள் பலர். கேட்ட பிறகு மரியாதை போனதாக வந்து சொன்ன ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து, விறாந்தையில், கதிரையில் இல்லாமல் அவன் உயரத்துக்கு நிலத்தில் இருந்துகொண்டு சொல்லுங்கள்: 'அப்பா உன்னை பெல்ட்டால அடிச்சது பிழை. நீ என்ன செய்திருந்தாலும் அது பிழைதான். இனி அடிக்க மாட்டன்.' அவ்வளவும் காணும். 'ஆனா நீயும் ஒழுங்காப் படிக்க வேணும்' என்று அதற்கு வால் கட்டாதீர்கள். பிள்ளைக்கு வால் மட்டும்தான் கேட்கும். அவன் அழலாம். ஒன்றும் பேசாமல் எழுந்து போகலாம். விடுங்கள், பின்னால் போய்க் கட்டிப்பிடிக்க வேண்டாம். கிட்ட வருகிற நாளை அவன் தீர்மானிக்கட்டும்.

அடுத்த சில வாரங்கள் கஷ்டமாக இருக்கும், இதைப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. குழப்படி கூடும். சொன்னதைச் செய்ய மாட்டான், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய மாட்டான். சொன்ன சொல் உண்மையா என்று சோதிக்கிறான். அந்த நேரம் வீட்டில் அப்பம்மாவோ யாரோ 'பாத்தியே, அடியில்லாட்டி இவன் உருப்பட மாட்டான்' என்பார்கள். அனேகமானவர்கள் இந்த இடத்தில்தான் திரும்பக் கம்பை எடுக்கிறார்கள். கோபம் தலைக்கு ஏறினால் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு, 'நாளைக்குக் கதைப்பம்' என்று தள்ளிப்போடுங்கள். பயிற்சிப் புத்தகம் மேசையிலேயே இருக்கும், எங்கும் ஓடாது.

பிழைக்கு ஒரு விளைவும் இல்லாமல் விடச் சொல்லவில்லை. முன்கூட்டியே சொன்னதாக, சிறியதாக, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும்: கணக்கு முடிந்த பிறகுதான் கிரிக்கெட், முடியாவிட்டால் இன்றைக்கு மட்டும் இல்லை, நாளைக்குப் புதுக் கணக்கு. ஏன் ஏமாற்றுகிறான் என்பதையும் ஒருதரம் தேடிப் பாருங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதவில்லை என்று ஒரு வருடம் அடி வாங்கிய சிறுமிக்குக் கடைசியில் தேவைப்பட்டது மூக்குக்கண்ணாடி. எழுத்துகள் மாறித் தெரிகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் படித்ததாக நடிப்பது வெட்கத்தால். பள்ளிக்கூடம் முடிந்து, பிறகு ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன் என்றால் களைத்துப்போன பிள்ளையும் ஏமாற்றத்தான் செய்யும். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி இந்த ஊரில் எவ்வளவு பெரிய விடயம் என்று எனக்குத் தெரியும். அதற்காக ஒன்பது வயதில் தகப்பனை இழக்க வேண்டியதில்லை.

ரியூசனிலும் பள்ளியிலும் அவனுக்கு அடி விழுகிறதா என்று கேளுங்கள். விழுந்தால், ஆசிரியரிடம் நேரில் போய், 'என்ரை பிள்ளைக்கு அடிக்க வேண்டாம், பிழை என்றால் எனக்குச் சொல்லுங்கோ' என்று மரியாதையாகச் சொல்லலாம். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பள்ளியில் அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆசிரியர் அறைந்து ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்துகையையும் தடுக்கிற உறுப்புரை அது. பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது 1995இலிருந்து தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றம். அது பெற்றோருக்கும் பொருந்தும். குற்றம் செய்த பெரியவனுக்கு நீதிமன்றம் கசையடி விதிக்கிற அதிகாரத்தையே 2005இல் சட்டம் போட்டு நீக்கிவிட்டார்கள். கணக்குப் பிழை விட்ட பிள்ளைக்கு மட்டும் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

உங்களுக்கே நிறுத்த முடியவில்லை என்றால், அல்லது ஒரு மாதம் கழித்தும் மகன் சரியாக நித்திரை கொள்ளாமல், பாயை நனைத்துக்கொண்டு, உங்களைக் கண்டு ஒளித்துக்கொண்டிருந்தால், தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேட்டாலும் வழி காட்டுவார். இதை வாசிக்கிற யாராவது பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை கடுமையாக அடி வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தால், 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம் அது. தம்பி, நீங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால், 'உனக்கு வருத்தம், அதுதான் டொக்டரிட்டப் போறம்' என்று சொல்லாதீர்கள். 'அப்பாவுக்குக் கோபம் கூடிப்போச்சு, அதைக் குறைக்க ஒரு ஆளைப் பார்க்கப் போறம், நீயும் வாறியா?' என்று கேளுங்கள். முதல் நாள் அவன் வர மாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போங்கள்.